சூடு ஆறாமல் திரும்பிய தண்ணீர்

கணினித் திரை முழுக்க, எல்லாம் சரி என்று காட்டும் பச்சையாகத்தான் இருந்தது. ஆனாலும் சிவசங்கரியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையோரம் மூன்றாம் மாடி அலுவலகம். கனடாவில் உள்ள பன்னிரண்டு பெரிய கட்டடங்களின் பாய்லர்களை இங்கிருந்தபடியே கண்காணிப்பது அவள் வேலை. அடித்தளத்தில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்பு அதை மாடி மாடியாக ஏற்றும். வீடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்த் தண்ணீர் கீழே திரும்பும். பாலசமுத்திரத்தில் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்களின் மகள் அவள். சித்தூரில் டிப்ளமா படித்தவள். பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் போய்வரும் வழியெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வின்னிபெக் நகரில், வயதானவர்கள் குடியிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று அவளை உறுத்தியது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. மேலே போன தண்ணீர் எண்பது டிகிரி. அறுபதுக்குத் திரும்ப வேண்டியது எழுபத்தொன்றில் திரும்பியது. பகல் ஒன்றே முக்காலுக்கு அதைக் கவனித்தாள். இரண்டு மணிக்கு மேலதிகாரி ஹரிபாபுவிடம் போனாள்.

"சார், ரிட்டர்ன் தண்ணி சூடாவே வந்துக்கினு இருக்குது."

"அலாரம் வந்துதா?"

"சூடு கம்மியானாதான் சார் அலாரம். ஜாஸ்தியானா வராது."

"அப்போ பாய்லர் நல்லா எரியுது. விடும்மா. அங்க இப்போ ராத்திரி ரெண்டரை. போன வாரம் மாதிரி சும்மா எழுப்பாத."

போன வாரம் பழுதான சென்சாரை நம்பி இரண்டு பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, மெமோ வாங்கியிருந்தாள். தன் இடத்துக்குத் திரும்பிவந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். எழுபத்திரண்டு. பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து குடிக்க மறந்தாள். எழுபத்துமூன்று. அந்தக் குளிரில் சூடு ஆறாமல் திரும்புகிறதென்றால், ஏதோ சில வீடுகளுக்குத் தண்ணீர் போகவே இல்லை.

இரண்டே முக்காலுக்கு, யாரையும் கேட்காமல் அந்தக் கட்டடத்துக் காவலாளி பீட்டருக்குப் போன் போட்டாள். பாய்லர் அறையில் தனக்கு வியர்க்கிறது என்று அவர் ஆங்கிலத்தில் சலித்துக்கொண்டார். அங்கே பார்க்க வேண்டாம், பாய்லரிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் கிழக்குப் பக்கம் மேல்மாடிக்குப் போய்க் குழாயைத் தொட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

பத்து நிமிடம் கழித்து மூச்சிரைக்க அவர் குரல் வந்தது. குழாய் பனிக்கட்டியாகக் கிடக்கிறதாம். இரண்டு மூதாட்டிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு, சூடு தேடி நடையில் உலாத்துகிறார்களாம்.

அதற்குள் ஹரிபாபு அவள் பின்னால் வந்து நின்றிருந்தார். கிழக்குப் பகுதிக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு சிக்கி, சூடான தண்ணீர் மேலே ஏறாமல் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை இயக்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டு வால்வைக் கையால், மெதுவாகத் திறக்கும்படி அவள் சொல்லச் சொல்ல பீட்டர் திறந்தார். நாற்பத்துநான்கு வீடுகளுக்குச் சூடு ஏறத் தொடங்கியது. ஆனால் ஒன்பதாம் மாடியில் ஒரு குழாய் உறைந்து ஏற்கெனவே வெடித்திருந்தது. மூன்று வீடுகளில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. நடுக்கம் நிற்காத முதியவர் ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவர் உயிருக்கு ஆபத்தில்லை என்ற செய்தி வர மாலை ஐந்தரை ஆனது. அதுவரை சிவசங்கரி போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அறிக்கை எழுதும்போது ஹரிபாபு கேட்டார்: "எத்தனை மணிக்குப் பாத்த?"

"ஒன்னே முக்காலுக்கு."

"ரெண்டே முக்கால்னு போடு. போன் பண்ண நேரம் அதானே."

"ஒரு மணி நேரம் சும்மா பாத்துக்கினு இருந்தேன் சார். மெமோவுக்குப் பயந்துக்கினு. அப்பவே போன் போட்டிருந்தா அந்தப் பெரியவரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டாரு."

ஒன்றே முக்கால் என்றே எழுதினாள். ஹரிபாபு இரண்டு முறை படித்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'இரண்டு மணிக்கு வந்து சொன்னாள். வேண்டாமென்றது நான்.' பிறகு அவரே அனுப்பினார்.

"வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அவள் போகவில்லை. மற்ற பதினோரு கட்டடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, போகிற சூட்டையும் வருகிற சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.