உ வளையத்தின் பதினேழாவது கண்ணாடி

றோஸி அன்ரி வீட்டு விளக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடித் தொங்கல்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒவ்வொன்றின் கழுத்திலும் என் கையெழுத்து இருந்தது.

விளக்கைச் செய்தவர் என் கணவர் சவுந்தரநாயகம். எழுபத்து நாலாம் ஆண்டு, வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறை மூலையில் இருந்துகொண்டு, சாராயப் போத்தல்களின் அடிப்பாகத்தையும் உடைந்த லாம்புச் சிமிலிகளையும் அறுத்து, மணலில் தேய்த்து, ஏழு வளையங்களில் தொங்கவிட்டார். கொள்ளுப்பிட்டியில் றயில் பாதையோரம் உள்ள அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இது இத்தாலியில் வாங்கியதா என்று கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த றோஸி அன்ரி, "ஓ, இத்தாலிதான். இங்க ஜிந்துப்பிட்டிக்குப் பக்கத்துல," என்பார்.

இரண்டாயிரத்து ஏழில் கடற்காற்று கம்பிகளைத் தின்றுவிட்டது. என் கணவர் விளக்கைக் கழற்றி, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு மாதம் கட்டிலிலும் கண்ணாடி, கதிரையிலும் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் அடையாளத் தாள்துண்டு கட்ட வேண்டும். வளையத்துக்கும் இலக்கம், தொங்கலுக்கும் இலக்கம் என்று போட்டதில் அவருக்கே குழம்பியது. நான் தேயிலைக் கம்பனியில் முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தவள். வளையங்களுக்கு எழுத்துப் போடுவோம் என்றேன்.

"அப்ப இங்கிலீஷில போடும்," என்றார்.

பஸ்ஸில் தமிழ்ப் பேப்பரை மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, போனில் குரலைத் தணித்துக்கொண்டு நாங்கள் திரிந்த யுத்த நாட்கள் அவை. எனக்கு அன்று பிடிவாதம் வந்தது.

"எங்கட கட்டிலில கிடக்கிற கண்ணாடிக்கும் தமிழ் கூடாதோ?"

"இதென்ன, விளக்கோ அரிவரி வகுப்போ," என்று சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். அ முதல் எ வரை ஏழு வளையங்கள். துண்டுகளில் எழுதினேன். எது எங்கே தொங்க வேண்டும் என்று அவர் பென்சிலால் கீறிய படத்திலும் நான்தான் எழுதினேன்.

கண்ணாடிகள் தேயிலைப் பெட்டிகளில் றோஸி அன்ரியின் காரில் முதல்நாளே போய்விட்டன. மறுநாள் காலை இவரும் வயரிங் வேலை செய்யும் நோபேட்டும் பஸ்ஸில் போனார்கள். படம் இவருடைய சேட்டுப் பையில் இருந்தது. பத்து மணிக்கு நோபேட் மட்டும் வந்து வாசலில் நின்றான். பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்களாம்.

"அந்தப் படத்தப் பாத்தாங்க அக்கா. வட்டம், வயர், தமிழ் எழுத்து. இது என்ன கோட் எண்டு கேட்டாங்க. அண்ணன் லைட் லைட் எண்டுதான் சொன்னார்."

ஜீப்பில் ஏற்றியதை அவன் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு தலையை மட்டும் ஆட்டினான்.

ஐந்து கிழமைகள் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினேன். அப்படி ஓர் ஆள் எங்கேயும் இல்லை. ஆறாவது கிழமை ஓர் அதிகாரியின் மேசையில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் படத்தைக் கண்டேன். தலைகீழாகக் கிடந்தும் என் எழுத்து அடையாளம் தெரிந்தது. இது குண்டு அல்ல, என் கணவர் செய்த கண்ணாடி விளக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சலிப்போடு, "எஹெனங் எல்லலா பென்னன்ன," என்றார். அப்படியென்றால் தொங்கவிட்டுக் காட்டுங்கள். காட்டினால் என் கணவர் வருவாரா என்று கேட்டேன். முதலில் காட்டுங்கள் என்றார்.

எனக்கு அது வாக்குறுதியாகவே கேட்டது.

படத்தை அவர் தரவில்லை. துண்டுகளும் என் நினைவும்தான் இருந்தன. றோஸி அன்ரி வீட்டில் ஏணியில் நோபேட், கீழே நான். ஒன்று இடம் மாறினாலும் படத் தாளோடு பொருந்தாது. பொருந்தாவிட்டால் இவர் பொய் சொன்னவராகிவிடுவார். பதினொரு நாள் சென்றது.

"என்ட கலியாணத்துக்குக்கூட இவ்வளவு நாள் சோடிக்கயில்ல புள்ள," என்றார் றோஸி அன்ரி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதார்.

றயில் போகும்போதெல்லாம் அதுவரை தொங்கவிட்ட கண்ணாடிகள் சிணுங்கின. இவர் தேநீர் கலக்கி, கரண்டியைக் கோப்பை விளிம்பில் தட்டும் அதே சத்தம். முதல் சில நாட்கள் திரும்பிப் பார்த்தேன். பிறகு திரும்பாமலிருக்கப் பழகினேன். நாளுக்கு நாள் சத்தம் கூடிக்கொண்டு போனது.

அதிகாரி இரண்டு பேரோடு வந்தார். தாளைப் பிடித்துக்கொண்டு விளக்கின் கீழே மெல்லச் சுற்றினார். அவர் விரல் வைத்த இடத்தையெல்லாம் நோபேட் ஏணியிலிருந்து தொட்டுக் காட்டினான். ஒன்றும் பிழைக்கவில்லை. விளக்கைப் போடச் சொன்னார். பச்சையும் மஞ்சளுமாக ஒளி அவர் முகத்தில் விழுந்தது.

"லஸ்ஸனாய்," என்றார். அழகாக இருக்கிறதாம். தாளை உறையோடு என்னிடம் நீட்டினார்.

"அப்ப அவர் எப்ப வருவார்?" அந்த நேரத்தில் எனக்குச் சிங்களம் வரவில்லை. றோஸி அன்ரிதான் எனக்காகச் சிங்களத்தில் கேட்டார்.

இந்தத் தாள் வேறோர் இடத்திலிருந்து கோப்பில் வந்தது, இதோடு ஆள் எவரும் வரவில்லை என்றார் அவர். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நோபேட் நெடுநேரம் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். என் எழுத்துகளுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டில் இல்லாத ஒரு நீலப் பேனையால், என் கணவரின் சாய்ந்த சிங்கள எழுத்து இருந்தது. அ ஒன்றுக்குப் பக்கத்தில் 'வீதுரு'. கண்ணாடி. அ இரண்டுக்கும் கண்ணாடி. ஒவ்வொன்றையும் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறார். ஆ வளையம் முழுக்கக் கண்ணாடி. ஈ வளையத்தில் கோடுகள் நடுங்கின. உ பதினேழுக்குப் பக்கத்தில் 'வீ' மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு என் எழுத்துகள் தனியே நின்றன.

மறுநாள் நோபேட் துண்டுகளைக் கத்தரித்தான். உ பதினேழில் அவன் கையைப் பிடித்தேன். அவன் அதை விட்டுவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனான்.

இப்போது றோஸி அன்ரியும் இல்லை. அவருடைய மகன் வீட்டை விற்கிறான். விளக்குக்கு விலை பார்க்க வந்தவர் வடிவமைத்தவர் யார் என்று கேட்டார். பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்துண்டைக் கழற்றினால் நல்ல விலை போகும் என்றார்.

அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அந்த நேரம் றயில் போனது. எல்லாம் சிணுங்கின. உ பதினேழும் ஆடிப்போய்ப் பக்கத்துக் கண்ணாடியில் முட்டியது. இடையில் தாள் இருந்தபடியால் அதிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.