அகற்றக்கூடிய பொருள்

இது நடந்தது கார் பருவ நெல் நடவின்போதா, பிசானப் பருவ நடவின்போதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிசானம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நினைவு தனக்குத் தோதானதைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். வாய்க்கால் கரை முட்ட ஓடியது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ரோடு வாழைத்தோட்டங்களை விட்டு வெளியே வந்து அந்த வாய்க்காலை ஒட்டி வளைகிறது. அந்த வளைவில்தான் கிங்ஸ்லியின் தம்பி எபி பைக்கோடு தண்ணீருக்குள் போனான். அவன் போன இடத்தில் தாய் ஜெபகனி ஒரு கல் நாட்டினாள். இடுப்புயரக் கான்கிரீட் பீடம், மேலே சிலுவை, கண்ணாடிக்குள் எபியின் படம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி வந்து அதைத் துடைப்பாள். பிறகு வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூட வரும் கிங்ஸ்லியிடம் ஒன்றும் பேச மாட்டாள். ஒரே ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"ஏலே, நீ ரோட்டு வேலைதான பாக்க. இங்கன ஒரு தடுப்புக்கம்பி போடச் சொல்லக் கூடாதா? இன்னொருத்தியும் வந்து என் பக்கத்துல உக்காரணுமா?"

கிங்ஸ்லி பார்த்தது கணினி வேலை. பாளையங்கோட்டையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில், சாலையோர ஆபத்தைக் கணக்கிடும் மென்பொருளோடு உட்கார்ந்திருப்பான். வளைவு, மரம், பள்ளம், தூண் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தால், வண்டி ரோட்டை விட்டு விலகினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று மதிப்பெண் போடும். மதிப்பெண் வரம்பைத் தாண்டினால்தான் கம்பி.

அம்மா கேட்ட வளைவைக் கொடுத்துப் பார்த்தான். எபியின் சாவைச் சேர்த்தும், மதிப்பெண் வரம்புக்குக் கீழேயே நின்றது. தண்ணீரைவிடக் கெட்டியான பொருளுக்குத்தான் அந்த மென்பொருளில் மதிப்பு. வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பியின் கல்லைச் சேர்த்தான். அதில் பொய் ஒன்றுமில்லை. ரோட்டோரத்துக் கான்கிரீட், மோதினால் யாரும் பிழைக்க மாட்டார்கள். மதிப்பெண் வரம்பைத் தாண்டியது. எபியே கம்பியைக் கொண்டுவந்துவிட்டான் என்று நினைத்தான்.

"கம்பி வருதும்மா" என்று வீட்டில் சொன்னான். ஜெபகனி அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். எபி போனபிறகு அவன் கேளாமல் அவள் எதையும் வைத்ததில்லை.

கம்பி போடச் சொல்லும் முன் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இந்தப் பொருளை அகற்ற முடியுமா? கிங்ஸ்லி 'முடியாது' என்று கொடுத்திருந்தான். சுடலைமாடன் பீடம் குறுக்கே நின்றால் ரோடுதான் வளைந்து போகும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். செத்தவன் கல்லிலும் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பினான்.

அறிக்கையைப் பார்த்த மேலாளர் காசிலிங்கம் அவனைக் கூப்பிட்டார்.

"உம்ம தம்பி கல்லா வே இது?"

"ஆமா சார்."

"எடுக்க முடியாதுன்னு போட்டிருக்கீரு. சாமியா இது? சாமின்னா ஊரு கூடி வரும். இதுக்கு யாரு வருவா, உங்கம்மா ஒரு ஆளுதான?"

'முடியும்' என்று மாற்றினார். மதிப்பெண் சட்டென்று இறங்கியது.

"பாரும். ஒரு ஜேசிபி போதும். வளைவு பத்திரமாயிட்டு. கம்பிக்கு வேலையே இல்ல."

"வாய்க்கா இருக்கே சார்."

"வாய்க்கா அப்பமே இருந்துது வே. நீருதான கல்லக் காட்டினீரு." பிறகு கரிசனமாகவே சொன்னார். "மத்தவன் போய்ச் சொன்னா அந்தம்மா அழும். நீரே பைய சொல்லிரும்."

கிங்ஸ்லி சொன்னான். ஆனால் வேறு மாதிரி சொன்னான்.

"கல்லு நிக்கிற இடத்துலதாம்மா கம்பி வருது. எடுக்கணும்ங்காவ."

ஜெபகனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எடுக்கட்டும். அவன் நின்ன இடத்துல கம்பி நிக்கும்லா. படத்த மட்டும் உடைக்காம எடுக்கச் சொல்லு."

ஜேசிபி வந்த அன்று அவளும் போனாள். கல் லேசில் பெயரவில்லை. பெயர்ந்தபோது படம் நொறுங்கியது. ஓட்டுநர் சிலுவையை வாய்க்காலுக்குள் தள்ளினான். ஜெபகனி ஃபிளாஸ்கிலிருந்து அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"கம்பி எப்பம்யா போடுவிய?"

"எந்தக் கம்பி? கல்ல எடுக்கத்தான் சொன்னாவ. வேற ஒண்ணும் இல்லையே."

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலியான டம்ளரை வாங்கி, வாய்க்கால் தண்ணீரில் கழுவி, பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

கம்பி போடவில்லை. அடுத்த நடவின்போது ஆட்கள் ஏற்றிவந்த லோடு ஆட்டோ ஒன்று, கல் இருந்த இடத்தின் வழியாகத் தண்ணீருக்குள் போனது. நாற்று நடப் போன பொன்செல்வி அதில் இறந்தாள். கிங்ஸ்லி அந்தச் சாவையும் மென்பொருளில் சேர்த்தான். மதிப்பெண் ஏறியது, வரம்பை எட்டவில்லை. காசிலிங்கம் பதவி உயர்ந்து மதுரைக்குப் போனார். கிங்ஸ்லி அதே நாற்காலியில் இருக்கிறான். ஜெபகனி அவனோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வளைவுக்குத் தனியாகப் போகிறாள். பொன்செல்வியின் தாய் சுடலைவடிவு வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.