ஆமணக்கு வரப்பு

பூச்சி ஆய்வகத்தில் அவளுக்குப் புழுக்காரி என்று பெயர். மூன்று வருடமாக வெட்டுப்புழு வளர்ப்பதே வேலை. ஒரே அந்துப்பூச்சி இட்ட முட்டைகளைப் பிரித்து, பொரிந்து வரும் புழுக்களில் சிலவற்றுக்கு ஆமணக்கு இலை, சிலவற்றுக்குப் பருத்தி இலை, சிலவற்றுக்கு முட்டைக்கோஸ் போட்டு, தினமும் காலையில் எடை பார்ப்பாள். ஆமணக்கு தின்றவை பதினைந்தே நாளில் கொழுத்துக் கூட்டுப்புழுவாகிவிடும். பருத்தி தின்றவை நோஞ்சானாக இருபது நாள் இழுக்கும். ஆமணக்கில் வளர்ந்த பூச்சி இடும் முட்டையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவளைப் படிக்க வைத்த அண்ணன் ஊரில் பருத்தி போட்டிருந்தார். பாதியைப் புழு தின்றுவிட்டது என்று ஒரு வருடம் அவர் போனில் சொன்னபோது, இவள் உற்சாகமாக யோசனை சொன்னாள்.

"அடுத்த தடவை வரப்ப சுத்தி ஆமணக்கு போடுங்கண்ணா. பூச்சிக்கு அதுன்னா உசிரு. பருத்திய விட்டுட்டு அங்க போய் முட்டை வைக்கும். அந்த இலைய மட்டும் கிள்ளி எரிச்சிடுங்க."

"தினமுமா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆனா விடக் கூடாது."

அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் பாத்துக்கிறேன். உங்க அண்ணன் கண்ணுக்கு எதிர்ல யானை நின்னாலே தெரியாது, முட்டையா தெரியப்போகுது?"

அடுத்த பருவம் வரப்பைச் சுற்றி ஆமணக்கு வளர்ந்ததும் அண்ணி சொன்னபடி செய்தாள். இலைக்கு அடியில் பழுப்பு ரோமம் போர்த்திக் கிடக்கும் முட்டைக் குவியல்களைக் குனிந்து குனிந்து தேடிக் கிள்ளினாள். சாயங்காலம் போன் வரும். "உன் சொந்தக்காரங்க முப்பது குடும்பத்த இன்னிக்கு அடுப்புல போட்டுட்டேன்."

பிறகு ஒரு மாதம் போன் வரவில்லை. இவள் ஆய்வறிக்கை எழுதுவதில் மும்முரமாக இருந்தாள். தானும் கூப்பிடவில்லை.

ஒரு காலையில் அண்ணன் கூப்பிட்டார். "அண்ணி போயிட்டா பாப்பா."

நுரையீரலில் சீழ். இருபத்துநாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அண்ணன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

"ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"அவதான் வேணாம்னா. நீ முக்கியமா ஏதோ எழுதறியாம்."

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் இருவரும் வயலுக்குப் போனார்கள். ஆமணக்கில் நரம்புகள் மட்டும் நின்றன. பருத்தி இலை சல்லடையாக இருந்தது. செடியடியில் மண்ணைக் கிளறினாள். விரலிடுக்கில் செம்பழுப்புக் கூட்டுப்புழுக்கள் உருண்டன. ஒன்றைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது, நல்ல கனம். ஆமணக்கு தின்று வளர்ந்தது. புழுக்கள் ஆளில்லாத வரப்பில் பொரிந்து, இலை தீர்ந்ததும் பருத்திக்கு நடந்திருக்கின்றன.

"ஆமணக்கே போடாம இருந்திருந்தா இவ்வளவு போயிருக்காதுண்ணா. விடக் கூடாதுன்னு சொன்னேன். விட்டா என்னாகும்னு சொல்லல. எனக்குத் தெரியும், சொல்லல."

அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ தினமும் கேப்பா, யாரு இலை கிள்றாங்கன்னு. என்ன சொல்றதுன்னு தெரியல. நீ லீவு போட்டு வந்து கிள்றேன்னு சொல்லிட்டேன்."

"அண்ணி நம்பினாங்களா?"

"சந்தோஷப்பட்டா. 'நாற்காலியில உக்காந்து பழகின புள்ள, இடுப்பு புடிச்சிக்கும், மெதுவா செய்யச் சொல்லுங்க'ன்னா. நீ ஏன் வந்து பாக்கலன்னு ஒரு தடவகூட கேக்கல. வயல்ல வேலையா இருக்கேன்னு நெனச்சிக்கிட்டா."

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் இருவரும் ஆமணக்கை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். பயிருக்கு அதனால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

வேலைக்குத் திரும்பியதும் அறிக்கையின் பரிந்துரைப் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்: முட்டை பொறுக்க ஆள் இல்லாத வீட்டில் ஆமணக்கு வேண்டாம்.

ஆய்வகத் தலைவர் பேனாவால் அதைத் தட்டினார். "இதுக்கு டேட்டா எங்கம்மா?"

"இருக்கு சார்," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வரியை விட்டுவிட்டார்.

அடுத்த பருவம் அண்ணன் எதுவும் விதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார். பயிரைப் பற்றி அவளிடம் ஒரு யோசனையும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.