மிஞ்சிய ஒரு சொல்

பக்கவாதம் வந்து பிழைத்த லாரி டிரைவருக்கு மிஞ்சியது ஒரே சொல்தான்: ஓகே. முப்பது வருஷம் வாய் ஓயாமல் பேசிய மனுஷன். ஒரு கெட்ட வார்த்தையாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று அவர் மனைவிக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்த ஓகேயை வைத்தே அவர் காலத்தை ஓட்டினார். இழுத்துச் சொன்னால் தண்ணீர் வேண்டும். வெடுக்கென்று சொன்னால் ஜன்னலைச் சாத்த வேண்டும். மூக்கால் முனகினால் சாப்பாட்டில் உப்பில்லை. மருமகளுக்கு ஒன்றும் பிடிபடாது. "அத்தை, மாமா என்ன கேக்குறாரு?" என்று அடுப்படிக்கு ஓடி வருவாள்.

"வாசல்ல போர்டு மாட்டணும்மா, ஓகே இங்கே மொழிபெயர்க்கப்படும்னு" என்பான் மகன். டிரைவரும் கோணிய வாயால் சிரிப்பார். மனைவிக்கு உள்ளூரப் பெருமைதான். கல்யாணமானதிலிருந்து அவர் பேச்சை இவ்வளவு கவனமாக அவள் கேட்டதே இல்லை.

பிறகு வலது காலில் சர்க்கரைப் புண் கறுத்து மேலே ஏறியது. முழங்காலோடு எடுக்காவிட்டால் பத்து நாள் தாங்காது என்று சொல்லிவிட்டார் டாக்டர். கட்டிலருகே குனிந்து அவரிடமே கேட்டார்.

"ஐயா, காலை எடுக்கணும். சம்மதமா?"

"ஓகே."

மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார், மெதுவாக, அழுத்தி. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையைத் துப்புவதற்கு முன்னால் வரும் குரல் அது. வேண்டாம், என்னை இப்படியே விட்டுவிடு என்கிறார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அவர் பேச்சு உங்களுக்குத்தான் புரியுமாமே. என்ன சொல்றாரு?"

அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கால் போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும்.

"சம்மதம்னுதான் சொல்றாரு."

டிரைவர் அவளை வெறித்துப் பார்த்தார். இடது கையால் கட்டில் கம்பியைப் படபடவென்று அடித்தார். "ஓகே, ஓகே, ஓகே" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"பரவாயில்லையே, ஐயா ரொம்ப தைரியசாலி" என்றாள் நர்ஸ். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அவர் பிழைத்துக்கொண்டார். இப்போதும் மகனிடம் பேசுகிறார், மருமகளிடம் பேசுகிறார். அவர்களுக்குப் புரிவதில்லை. அவர் மனைவியைக் கூப்பிடுகிறார்கள். அவள் வந்து நின்றதும் வாயை மூடிக்கொள்கிறார்.