ஆரின் மாட்டிய பிரேக் குழாய்கள்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, என் ஷெவெல் காரின் முன்சக்கரத்துக்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஓர் ஈரப்பொட்டைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி சொட்டாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இருந்தாலும் குனிந்து விரலால் தொட்டேன். என்ஜின் ஆயில் இல்லை, பிரேக் ஆயில்.

அன்றைக்கு எங்கள் கிளப்பின் ஜூன் மாதப் பயணம். எங்கள் ஊர் சாகினாவிலிருந்து ஆற்றோரமாகவே பே சிட்டி பூங்கா வரைக்கும் நாற்பது பழைய வண்டிகள் தனித்தனியாகக் கிளம்பிப் போகும். ஒன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக மிச்ச நேரத்தையெல்லாம் கொட்டி நான் எழுப்பிய வண்டி இந்த ஷெவெல். துருவைச் சுரண்டியதிலிருந்து சாயம் அடித்தது வரை என் கைவேலை. பிரேக்கை மட்டும் ஆரின் ஹாஸிடம் விட்டுவிடுவேன். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான். ஆரினுக்கு எழுபத்தொன்று. ஒரு நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவார்.

அந்த வாரம்தான் அவர் என் வண்டிக்கு முன்பிரேக் ரப்பர் குழாய்களை மாற்றிக் கொடுத்திருந்தார். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, குழாயைப் பிடித்திருக்கும் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். எதிர்ப்பே இல்லாமல் அரைச்சுற்றுத் திரும்பியது.

யாருக்கும் ஒரு தடவை கை தவறும் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் வண்டிக்கு மாற்றிய அதே சாயங்காலம், எங்கள் கிளப்பின் டுவெய்ன் டக்கரின் ரோட் ரன்னர் காருக்கும் அவர்தான் குழாய் மாற்றினார்.

டுவெய்னுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவன் மனைவியைக் கூப்பிட்டேன்.

"கிளம்பி மூணு நிமிஷம் ஆச்சு கெயில். அந்தச் சத்தத்துல அவருக்குப் போன் எங்க கேக்கும்? பக்கத்துல நான் கத்தினாலே கேக்காது."

என் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பே சிட்டி நெருங்கும்போது தூக்குப்பாலம் வரும். கப்பல் வந்தால் பாலம் மேலே போய்விடும், இந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் குழந்தைகளோடு ஒரு கார் நிற்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

எட்டு மைல் தாண்டி அவனுடைய ஆரஞ்சு நிறம் தெரிந்தது. விளக்கை அடித்து அடித்துக் காட்டினேன். ஹாரனை அழுத்தினேன். அவன் கண்ணாடியில் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினான், ஒரே மிதி. ரோட் ரன்னர் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

பாவி, நான் பந்தயத்துக்குக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டான்.

நானும் மிதித்தேன். எழுபது மைல், எழுபத்தைந்து. நான் நெருங்க நெருங்க அவன் இன்னும் வேகமெடுத்தான். பாலத்துக்கு மூன்று மைல் என்ற பலகை கடந்து போனது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அவனை ஓட வைப்பதே நான்தான்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஓரமாகச் சரளையில் நிறுத்தி, நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, இறங்கி ஓடிப்போய் பானட்டைத் தூக்கினேன். பானட்டைத் தூக்கி நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டு எங்கள் கிளப்பில் ஒருவரும் போகமாட்டார்கள். ஆனால் பார்க்க வேண்டுமே! அவன் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. நான் சாலையில் நின்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வரை எண்ணியிருப்பேன். சத்தம் நின்றது. பிறகு மறுபடி வளர்ந்தது.

திரும்பி வந்தவன் என்னைத் தாண்டி இரண்டு கார் நீளம் போய், புல்லில் இறங்கித்தான் நின்றான்.

"என்னடி, புதுப் பொட்டி படுத்துக்கிச்சா? என் கிழவி எப்படி ஓடறா பாத்தல்ல!"

"டுவெய்ன், பிரேக் எப்படி இருக்கு?"

அவன் சிரிப்பு குறைந்தது. "இப்ப மிதிச்சப்ப கொஞ்சம் கீழ போச்சு. ஏன்?"

இருவரும் படுத்துப் பார்த்தோம். சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என் ஸ்பேனருக்கு நட்டு முழுச்சுற்றுத் திரும்பியது.

"இது ஆரின் கை பட்டதாச்சே," என்றான்.

"என்னோடதும் இப்படித்தான்."

அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "பாலம் தூக்கியிருந்தா..."

"பேசாத. அவரு தன் வண்டிக்கும் மாட்டினாரு."

ஆரினின் மனைவி மார்லிஸைப் போனில் பிடித்தேன். பூங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம், காபி வாங்க நிற்கிறாளாம். வண்டியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி, டுவெய்னை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் கொதித்துக்கொண்டு வந்தான். "நேரா போய் சட்டையப் பிடிக்கப் போறேன்." நான் பேசுகிறேன் என்று கெஞ்சி அடக்கினேன்.

ஆரின் தன் பான்டியாக் காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இருக்காது. நீ எதையாவது நோண்டியிருப்ப."

"டுவெய்னோடதையும் நான்தான் நோண்டினேனா ஆரின்?"

"நாப்பது வருஷமா மாட்டறேன். ஒருத்தன் குறை சொன்னதில்ல."

காபிக் கோப்பைகளோடு வந்த மார்லிஸ் நின்றுவிட்டாள். "சொல்லிடுங்க," என்றாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவளே சொன்னாள்: "மார்ச்சுலேருந்து இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விடறது நான்தான். புத்துநோய்க்கு மருந்து ஏத்தினதுல விரல் நுனி மரத்துப் போச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு."

டுவெய்ன் அவள் கையிலிருந்த கோப்பைகளை வாங்கிக்கொண்டான்.

நான் பான்டியாக்குக்கு அடியில் படுத்தேன். இடதுபக்க நட்டு கல் மாதிரி இருந்தது. வலதுபக்கம் கால்சுற்றுத் திரும்பியது. இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அங்கிருந்து பார்த்தால் மார்லிஸின் வெள்ளைச் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"கால்சுத்து," என்றேன்.

வெளியே வந்தபோது ஆரின் காரில் ஓட்டுபவருக்கு வலதுபக்கம் இருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவளை அங்க உக்கார வெச்சுக் கூட்டியாந்தேன்," என்றார்.

நாலு பேரும் என் பிக்கப்பில் திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் டுவெய்ன் மெதுவாகக் கேட்டான்: "ஆரின், என் பின்பிரேக்கையும் நீங்கதான பாத்தீங்க?"

"அது போன வருஷம். அப்ப விரல் நல்லாருந்துது."

"சரி. சும்மா கேட்டேன்."

ஆரின் கையை நீட்டினார். "கெயில், போனைக் கொடு. மார்ச்சுக்கப்பறம் இன்னும் அஞ்சு வண்டி தொட்டிருக்கேன்."

"நான் பேசறேனே?"

"மாட்டினது நீயா?"

ஒவ்வொருவரையும் அவரே கூப்பிட்டார். மார்லிஸ் எண்களை அழுத்தினாள். "நான் ஆரின் பேசறேன். உன் வண்டிய எடுக்காத. என் விரல் சரியில்ல, நட்டெல்லாம் லூசா இருக்கலாம்." நாலு பேரிடமும் அதே வார்த்தைகள். நாலாவது ஆளிடம் சொல்லும்போது குரல் தேறியிருந்தது.

ஐந்தாவது ஆள் மெரில் எடுக்கவில்லை.

ஹாஸ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் யாரும் இறங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெரிலைக் கூப்பிட்டோம். அவன் வழக்கமாகச் சனிக்கிழமை பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போவான் என்று டுவெய்ன் சொல்லித் தொலைத்தான். ஆரின் தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது.

"என்னப்பா, பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்க? புல்லு வெட்டிக்கிட்டிருந்தேன்," என்றான் மெரில்.

ஆரின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வண்டி எங்க இருக்கு?"

"ஷெட்டுலதான். ஏன்?"

"எடுக்காத," என்று மட்டும் சொல்லி ஆரின் போனை மார்லிஸிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வேலியைப் பிடித்தபடி நின்றார்.