இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் எட்டு

வனவிலங்கு அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். நியமன ஆணையில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அதைத் தட்டச்சு செய்தவருக்கே இப்போது அது ஞாபகம் இருக்காது. காட்டு மரங்களில் கட்டிவைத்த கேமராக்கள் எடுத்த சிறுத்தைப் படங்களை மேஜையில் பரப்பி, பூதக்கண்ணாடியும் கையுமாகக் குனிந்து, இது யார், அது யார் என்று பிரிப்பது அவள் வேலை. நமக்குக் கைரேகை மாதிரி சிறுத்தைக்குப் புள்ளிகள். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது.

வீட்டில் இந்த வேலைக்குக் காலணா மரியாதை கிடையாது. "எம் மருமக ஆபீஸ்ல உக்காந்து படம் பாக்குறா" என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். என்ன படம் என்று கேட்டால், "ஏதோ பூனைப் படம்" என்பாள். புள்ளியக்காளின் கணவர் நல்ல மனிதர். அம்மா சொல்லும்போது சிரிக்க மாட்டார், அம்மா போன பிறகுதான் சிரிப்பார்.

புதிதாக ஓர் இயக்குநர் வந்தார். வந்த மாதமே கூட்ட அறை 'சிந்தனை மையம்' ஆனது. பழைய காகிதம் அடுக்கும் அறை 'ஆவண மையம்' ஆனது. கழிப்பறையை மட்டும் விட்டுவைத்தார். அதற்கும் ஒரு பெயர் பரிசீலனையில் இருந்ததாகக் கேள்வி. அதுவரை காட்டில் கால்தடம் பார்த்துத்தான் சிறுத்தைக் கணக்கு. இரண்டு வருடம் முன் எடுத்த கடைசிக் கணக்கு ஒன்பது. இனி எல்லாம் கேமராதான் என்று இயக்குநர் அறிவித்ததில் புள்ளியக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு இடம், முப்பத்திரண்டு கேமரா. இடத்துக்கு இரண்டு, பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இரண்டு எதற்கென்றால், சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒன்றுபோல இருக்காது. எதிரெதிராகக் கேமரா இருந்தால் நடுவில் நடந்துபோகிற மிருகம் ஒரே நொடியில் இரண்டு பக்கமும் மாட்டும். இந்த இடப்பக்கத்துக்குச் சொந்தமான வலப்பக்கம் இதுதான் என்று எழுதிவைக்கலாம்.

கேமராக்கள் வந்து இறங்கியதும் இயக்குநருக்கு இன்னொரு யோசனை வந்தது. அலுவலகத்துக்கு யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், அவருடைய தோட்டத்து ரோஜாவை யார் பறிக்கிறார்கள் என்பதெல்லாம் நெடுநாள் மர்மமாக இருந்தது. பதினாறு கேமராவை எடுத்து வாசல், நடை, வண்டி நிறுத்துமிடம், தோட்டம் என்று மாட்டிவிட்டார். மூன்று மாதக் கண்காணிப்பில் ரோஜாத் திருடி பிடிபட்டாள். இயக்குநரின் மனைவி. கேமராக்களை அதற்குப் பிறகும் கழற்றவில்லை. காட்டுக்குப் போனவை மிச்சம் பதினாறு, இடத்துக்கு ஒற்றைக் கேமரா.

ஆக, அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னும் பின்னும் பதிவானது. சிறுத்தைகளுக்கு ஒரு பக்கம்தான். மேலே ஏறும்போது இடப்பக்கம் காட்டிய மிருகமே நாலு நாள் கழித்து இறங்கும்போது வலப்பக்கம் காட்டியதா, அல்லது அது வேறொன்றா? படத்தை எத்தனை நேரம் முறைத்தாலும் தெரியாது. புள்ளியக்காள் ஆறு வாரம் முறைத்தாள். இடப்பக்கத்தில் ஒன்பது வெவ்வேறு சிறுத்தை. இ-1 முதல் இ-9. வலப்பக்கத்தில் எட்டு. வ-1 முதல் வ-8. அறிக்கையில் எழுத வேண்டியது, 'ஒன்பதுக்குக் குறையாது'.

இயக்குநர் சிந்தனை மையத்துக்குக் கூப்பிட்டார். காகிதத்தில் ஒன்பதையும் எட்டையும் கூட்டிப் பதினேழு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

"சார், இதைக் கூட்டக் கூடாது."

"ஏம்மா? கூட்டல் உங்களுக்கு ஆகாதா?"

"இது அந்தப் பக்கம், அது இந்தப் பக்கம் சார். ஒரே மிருகமா இருக்கலாம்."

"இருக்கலாம்! இல்லாமலும் இருக்கலாம் இல்லையா? பதினேழும் வேற வேறயா இருக்க வாய்ப்பே இல்லைன்னு அடிச்சுச் சொல்லுங்க பாப்போம்."

புள்ளியக்காள் பொய் சொல்லிப் பழகாதவள். அதுவே அவளை மாட்டிவிட்டது. "வாய்ப்பு... இருக்கு சார். ஆனா..."

"அவ்வளவுதான்! நிபுணரே சொல்லிட்டாங்க." மேஜையைத் தட்டினார். "ரெண்டு வருஷத்துல இரட்டிப்பு. என் காலத்துல. அறிக்கை அட்டையில யார் பேர் போடப்போறோம் தெரியுமா? என் பேருக்குக் கீழ, முதன்மை ஆய்வாளர்னு உங்க பேர். முழுப் பேர். ஒரு கையெழுத்து போட்டுட்டா அச்சுக்குப் போயிடும்."

அன்று மாலை தம்பி போனில் கூப்பிட்டான். அவன் பள்ளத்தாக்குக் காவல் முகாமில் காவலர். மூன்று முகாம், பதினெட்டுப் பேர். தினமும் ரோந்து போய், வேட்டைக்காரர்கள் பாதையோரம் வைக்கிற சுருக்குக் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு வருவது வேலை.

"அக்கா, பதினேழுன்னு பேசிக்கிறாங்களே, நிஜமா?"

"தெரியாதுடா. ஒன்பதுக்குக் குறையாது, அவ்வளவுதான் தெரியும்."

"பதினஞ்சைத் தாண்டிட்டா அழியும் ஆபத்துப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. எடுத்துட்டா முகாமை மூடிடுவாங்க. நான் கம்பி பிடுங்கப் போகலைன்னா உன் பூனைங்க கதி என்ன தெரியுமில்ல? பாத்துக் கையெழுத்து போடு."

"எனக்குத் தெரியாதா? நீ போய்ச் சாப்பிடு."

தெரியும். அதுதான் பின்னால் அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கையெழுத்துக்காக இயக்குநர் கொடுத்த காகிதத்தை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரியிடம் மாமியார், "பூனைப் படம் பாத்தே கண்ணு கெட்டுப்போச்சு இவளுக்கு" என்று சொல்ல, உறவுக்காரி, "அதுக்கு ஆபீஸ் எதுக்கு, எங்க வீட்டுலயே மூணு பூனை இருக்கே" என்றாள். கணவர் இந்த முறை அம்மா எதிரிலேயே சிரித்துவிட்டார். மறுநாள் காலை புள்ளியக்காள் கையெழுத்துப் போட்டாள். வாய்ப்பு இருக்கத்தானே செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் போட்டாள்.

விழா அமோகம். வாசலில் காகிதக் கூழில் செய்த சிறுத்தை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். செய்தவர் ஆர்வக் கோளாறில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி புள்ளி வைத்திருந்தார். இயக்குநர் ஒன்றே கால் மணி நேரம் பேசினார். சிறுத்தைகள் அவரை நம்பித்தான் இனப்பெருக்கம் செய்ததாகப் புரிந்துகொள்ளும்படி இருந்தது பேச்சு. புள்ளியக்காளை மேடைக்கு அழைத்தபோது முழுப் பேர் சொன்னார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள்.

மாமியார் அறிக்கையை வாங்கி அட்டையைப் புடவையால் துடைத்தாள். அடுத்த வாரம் தெருவில் அது ஏறி இறங்காத வீடு இல்லை. "பதினேழும் எம் மருமக கண்டுபிடிச்சது" என்றாள். பூனை என்ற பேச்சே அதன் பிறகு இல்லை.

பட்டியலிலிருந்து சிறுத்தையின் பெயரை எடுத்தார்கள். மூன்று முகாமையும் மூடினார்கள். தம்பியைக் காட்டு நுழைவாயில் டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். "இப்போ நானும் கூண்டுக்குள்ளதான். வர்றவன் என்னைத்தான் முதல்ல போட்டோ எடுக்குறான்" என்றான்.

நாலாம் மாதம் சோதனைச் சாவடியில் ஒரு காய்கறி லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு அடியில் ஒரு தோல் கிடைத்தது. அடையாளம் காணப் புள்ளியக்காளை அழைத்தார்கள். சிந்தனை மையத்து மேஜையில்தான் விரித்திருந்தார்கள். உரித்து விரித்த தோலில் முதுகுக்கு இந்தப் பக்கம் இடப்பக்கம், அந்தப் பக்கம் வலப்பக்கம். எத்தனையோ நாள் அவள் ஏங்கிய காட்சி. இடத்தோளுக்குக் கீழே குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம். இ-4. சுற்றி அந்தப் பக்கம் போனாள். விலாவில் மூன்று புள்ளி ஒட்டிக்கொண்டு ஒரு கோடு. வ-7. ஆறு வாரம் தனித்தனியாக வைத்துப் பார்த்த இரண்டு பேர். அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு தோல். இ-1, வ-1. இ-8, வ-3. மூன்று தோல், ஆறு எண். கழுத்தில் மூன்றுக்கும் கம்பி அறுத்த தடம்.

"ஆறு போயிடுச்சு சார் கணக்குல."

"என்னம்மா உளர்றீங்க? செத்தது மூணு. பதினேழுல மூணு போனா பதினாலு." இயக்குநர் ஒரு நொடி யோசித்து உற்சாகமானார். "அப்பவும் பழைய கணக்கை விட அஞ்சு கூட!"

"ஒவ்வொண்ணையும் ரெண்டா எண்ணியிருக்கோம் சார். முகாமைத் திரும்பத் திறக்கணும்."

"முகாம் அழியும் ஆபத்துல இருக்குற விலங்குக்கு. இது ஆபத்துல இல்லைன்னு கையெழுத்து போட்டது யாரு?"

புள்ளியக்காள் தன் மேஜைக்குத் திரும்பினாள். ஒரு கடிதம் எழுதினாள். மூன்று தோலின் படம், ஆறு எண், 'தவறு என்னுடையது' என்ற வரி, கீழே முழுப் பெயர். இயக்குநர் வாங்க மறுத்ததால் பட்டியல் குழுவுக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. அடுத்த மறுபரிசீலனை நாலு வருடம் கழித்து. அப்போது அவசியம் கவனிக்கப்படும்.

அந்தப் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்தாள். மாமியாருக்குப் பாதிதான் புரிந்தது.

"அப்போ பதினேழு இல்லையா?"

"ஒன்பதுதான் இருந்திருக்கும் அத்தை. இப்போ ஆறோ என்னமோ."

"மூணு செத்துது, சரி. மிச்ச எட்டு எங்க போச்சு?"

"அதுங்க பொறக்கவே இல்லை அத்தை."

மாமியார் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "நான் ஊர் பூரா சொல்லிட்டேனே" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் புள்ளியக்காள் நின்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

தம்பி யார் சொல்லியும் கேட்காமல் வார விடுமுறையில் ஒற்றை ஆளாகப் பள்ளத்தாக்குக்குப் போய்க் கம்பி பிடுங்கத் தொடங்கினான். பதினெட்டுப் பேர் தினமும் செய்த வேலை. ஒரு திங்கட்கிழமை, அலுவலகம் திறந்த கையோடு, டிக்கெட் கவுண்டர் சட்டையோடு வந்து நின்றான். தோளில் கோணிப்பை. மேஜையில் அவன் இறக்கியது நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. கம்பி இன்னும் கழுத்தில் இருந்தது.

"நேத்து சாயங்காலம். ரெண்டாம் முகாமுக்குப் பின்னாடி" என்றான். "நான் போறதுக்குக் கொஞ்ச நேரம் முந்திதான். சூடு இருந்துதுக்கா."

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "இது எந்த நம்பர்?"

புள்ளியக்காள் இடப்பக்கம் பார்த்தாள். மெதுவாகத் திருப்பி வலப்பக்கம் பார்த்தாள். "நம்பர் இல்லை சார். எந்தப் படத்துலயும் இல்லை."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ பதினாலுல குறையாது!"

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். புள்ளியக்காள் குட்டியின் கழுத்துக் கம்பியைப் பொறுமையாகக் கழற்றி, இரண்டு பக்கமும் படம் எடுத்தாள். பதிவேட்டில் புது வரி போட்டாள். இ-10, வ-9, ஒரே விலங்கு. 'முதலில் பார்த்த தேதி' என்ற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினாள். 'கடைசியாகப் பார்த்த தேதி' என்ற கட்டத்திலும் அதையே எழுதினாள்.

"எதுக்கும்மா இதை எழுதுறீங்க? கணக்குலயே வராதே" என்றார் இயக்குநர்.

"பாத்ததை எழுதுறேன் சார்."

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து மணிக்குக் கவுண்டர் திறக்கணும்க்கா. இன்னிக்கு ஸ்கூல் பசங்க நூத்தம்பது பேரு வர்றாங்க, சிறுத்தை பாக்க." கோணிப்பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவனுக்கு அடுத்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அதுவரை பள்ளத்தாக்கில் ஆள் இல்லை.