டிரம்ஸ் சத்தத்தில் கேட்காத பாட்டு

கிரெட்சன் லாமர்ஸை எங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டதற்கு முதல் காரணம் அவளிடம் ஒரு வேன் இருந்தது. அவளுக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியும் என்பது இரண்டாவது காரணம்தான். இது 1997இல், மில்வாக்கிக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் ஷெபாய்கனில். எங்கள் ஊரில் கிடார் வைத்திருந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை. வேன் வைத்திருந்தவர்கள்தான் குறைவு.

நான் ஃபெங் வாங், கிடார். வெண்டெல் பிரின்சன் பேஸ் கிடாரும் பாட்டும். ஆறடி உயரம், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். ஆனால் பாட ஆரம்பித்தால் கன்றை இழந்த பசு மாதிரி கதறுவான். ராக் இசையில் அந்தக் கதறலுக்குப் பெயர்தான் எமோ. அப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கதறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவின் பெயர் 'போன வாரத்து வானிலை'. உள்ளூர் வாரப் பத்திரிகை ஒரு முறை பழைய வானிலைக் குறிப்பையே மறுபடி அச்சிட்டுவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்த அன்று வைத்த பெயர்.

கிரெட்சனின் அப்பா ஆர்வில் லாமர்ஸ், ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும் போல்கா, வால்ட்ஸ் நடனங்களுக்கு வாசிக்கும் ஒரு குழு நடத்தினார். ஊர்க் கூடங்களில் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளிலும் கல்யாணங்களிலும் அவர் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிக்க, பதினொரு வயதிலிருந்து இவள் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவள். அதனால் எங்கள் சோகப் பாட்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல்யாண நடனம் துள்ளிக்கொண்டிருந்தது.

"கிரெட்சன், இது துக்கப் பாட்டு. மூணு எண்ணிக்கைல குதிக்காத. நிதானமா நாலு எண்ணி அடி" என்றேன் முதல் நாளே.

"துக்கம்னா ஆடக் கூடாதா? எங்க தாத்தா சாவுக்கு வந்தவங்ககூட ஆடிட்டுத்தான் போனாங்க. உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, வேனை எடுத்துட்டுக் கிளம்பறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் தாளத்தைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் பயிற்சி. எங்களிடம் இருந்த ஒலிபெருக்கி பாதி நேரம் வேலை செய்யாது. வெண்டெல் டிரம்ஸைப் பார்த்தபடி நின்று கத்துவான்; என்ன கத்துகிறான் என்று யாருக்கும் புரியாது. மேடையிலும் அப்படியே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவான். கூச்சம் என்று நானும் நினைத்தேன்.

1999 வசந்தத்தில் மில்வாக்கியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தோம். சனிக்கிழமை டிரம்ஸும் கிடாரும். ஞாயிற்றுக்கிழமை வெண்டெலின் குரல். அன்று அப்பாவின் குழுவோடு ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போய்விட்டாள் கிரெட்சன். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வரிகளைத் தெளிவாகக் கேட்டேன். எட்டாம் தெருவில் படகுகளுக்கு வழிவிடத் தூக்கி நிற்கும் பாலம். கதவைக் கயிறு போட்டுக் கட்டிய பழுப்பு வேன். பாலம் இறங்கும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போடும் ஒரு பெண்.

பதிவை நிறுத்தச் சொன்னேன்.

"டேய், இது கிரெட்சன்டா."

"எது?"

"எல்லாமே. ஒன்பது பாட்டும்!"

அவன் காது மடல் சிவந்தது. "ஏழுதான். ஒண்ணு எங்க நாயைப் பத்தி. இன்னொண்ணு சும்மா பொதுவா."

"அவ கேட்டுட்டா என்ன பண்ணுவ?"

"அவ எங்க கேக்கப் போறா? தான் விட்ட தப்பெல்லாம் காதுல விழும்னு அவ எந்தப் பதிவையும் போட்டே பாக்கறதில்ல. நீ வாயைத் திறக்காத ஃபெங். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இசைத்தட்டு வெளிவந்தது. நான் குழாய்கள் செய்யும் ஆலையில் பார்த்த வேலையை விட்டேன். அந்தக் கோடையில் அதே பழுப்பு வேனில் ஐந்து மாநிலங்கள் சுற்றினோம். போன இடமெல்லாம் எழுபது எண்பது பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் வரிகள் மனப்பாடம். கண்ணீர் வழிய வழியக் கூடவே பாடினார்கள். பாடப்படுகிறவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் மும்முரமாகக் குச்சி வீசிக்கொண்டிருந்தாள்.

ஒஹையோவில் கொலம்பஸ் நகரம். முன்னாள் படைவீரர்களின் கூடத்தில் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி. முடிந்து நானும் கிரெட்சனும் டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பெண் இசைத்தட்டோடு வந்த வரித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தாளைப் பார்த்தாள், வேன் கதவில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள், கிரெட்சனைப் பார்த்தாள்.

"அது நீங்கதானா? அவரை ஏங்க விட்டுட்டுப் போனீங்க?"

கிரெட்சன் தாளை வாங்கினாள். வேன் படியில் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். வெண்டெல் பெரிய ஒலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அப்படியே கீழே வைத்தான்.

"பாலத்துக்கிட்ட உன்னை இறக்கிவிட்ட அன்னிக்கு மழையே பெய்யல" என்றாள் அவள்.

"பாட்டுக்காகப் போட்டேன்."

"'திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்'னு எழுதியிருக்க. எனக்குப் பல் பிடுங்க நேரம் குறிச்சிருந்துதுடா! லேட்டாயிடுச்சுன்னு ஓடினேன்!"

"எனக்குத் தெரியாதே."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அஞ்சு மாநிலத்துல முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் கத்திச் சொல்லியிருக்க. ஆறடி தள்ளி உக்காந்திருக்கிற என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"உன்னைப் பாத்துத்தானே பாடினேன்."

"டிரம்ஸ் அடிக்கறப்ப எனக்கு என்னடா கேக்கும், மடையா!"

கண்ணாடிப் பெண் மெல்ல நகர்ந்து போய்விட்டாள். இரண்டரை மணி நேரம், டொலிடோ வரும்வரை, கிரெட்சனே வேனை ஓட்டினாள். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கிரெட்சன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துச் சொன்னாள்: "ஊருக்குப் போனதும் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு வா. எங்கப்பாவும் இருப்பார். பாடாத. பேசு."

வெண்டெல் பேசினான். என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பயிற்சிக்கு விசிலடித்துக்கொண்டு வந்தான். எங்கள் அழிவு அந்த விசிலில்தான் ஆரம்பித்தது.

இரண்டாவது இசைத்தட்டுக்குப் பாட்டு வேண்டும். சோகப் பாட்டுக்காரனுக்குக் காதல் கைகூடுவது, மிட்டாய்க் கடைக்காரனுக்குச் சர்க்கரை நோய் வருவது மாதிரி. அவன் கொண்டுவந்த புதுப் பாட்டு கிரெட்சன் வைத்த சூப்பைப் பற்றியது.

"இதுல ஜனங்க எங்கடா அழுவாங்க?" என்று கேட்டேன்.

"வெங்காயம் நறுக்கற இடத்துல" என்றாள் கிரெட்சன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த வேலை போயிருந்தது. மின்னசோட்டாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் என் அம்மா போன் போட்டு, மகன் பெரிய ஆளாகப் போகிறான் என்று சொல்லி வைத்திருந்தாள். கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினேன். "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. என்னை விட்டுடுங்க" என்று படியேறி வந்துவிட்டேன். 2000 பிப்ரவரியோடு குழு முடிந்தது.

மூன்று வருடம் அவர்கள் முகத்தில் விழிக்கவில்லை. அவர்கள் கல்யாணத்துக்குக்கூட அம்மாதான் என்னை இழுத்துப் போனாள். காயும் கறியும் வைத்துச் சுற்றிப் பொரித்த முட்டை ரோல் இரண்டு பெரிய தட்டு நிறைய எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் வரலம்மா."

"கோவம் உனக்கு. முட்டை ரோல் என்ன பாவம் பண்ணிச்சு? தூக்கு."

தூக்கினேன். விருந்தில் வெண்டெல் நேராக என்னிடம் வந்தான். "பாட்டு வரலடா. எவ்வளவோ முயற்சி பண்ணினேன். மன்னிச்சுக்க" என்றான்.

"சூப் பாட்டு அவ்வளவு மோசமில்ல" என்றேன்.

"பொய் சொல்லாத."

"சரி. படு மோசம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அன்றோடு என் கோபம் போனது. நான் அம்மாவோடு சனிக்கிழமைச் சந்தையில் முட்டை ரோல் கடை போட ஆரம்பித்தேன்.

இதற்கிடையில் நாங்கள் மறந்துபோன இசைத்தட்டு எங்களைக் கேட்காமலே ஊர் சுற்றியது. ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்தார்கள். பிறகு இணையத்தில் ஏறியது. ஜப்பானிலும் சிலியிலும் பிள்ளைகள் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் துள்ளித் துள்ளி அழுதார்கள். கூட்டத்துக்கு முதுகு காட்டிப் பாடுவது ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டதாம். குழு ஏன் உடைந்தது என்று ஆளுக்கொரு கதை. அதில் பெரிய கதை, பாட்டில் வரும் பெண் ஏரியில் மூழ்கி இறந்துவிட்டாள் என்பது.

2013 கோடையில் என் கடைக்கு இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். இட்செல், அவள் தோழி யாரெலி. மெக்சிகோவில் மோன்டெரே நகரத்துக்காரர்கள். எங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு குழு வைத்திருந்தார்கள். சிகாகோவில் வாசித்துவிட்டு எங்களைத் தேடி வந்திருந்தார்கள். ஏதேதோ பேசிவிட்டு, இட்செல் குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்கறது தப்புன்னா மன்னிச்சிடுங்க. அந்தப் பொண்ணு... எப்படி இறந்தாங்க?"

"அவங்களையே கேட்டுடுங்களேன். வரிசைல மூணாவதா நிக்கறாங்க" என்றேன்.

கிரெட்சன் ஒரு கையில் மிளகாய்ச் சட்னி பாட்டிலும் மறு கையில் ஒரு கட்டுக் கீரையுமாக நின்றுகொண்டிருந்தாள். இட்செல் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

கிரெட்சன் பதறிப்போய்ப் பாட்டிலைக் கீழே வைத்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சுக்கம்மா. உயிரோடதான் இருக்கேன்."

"இல்ல இல்ல... சந்தோஷம்தான்" என்று விக்கினாள் இட்செல். என் அம்மா ஆளுக்கு ஒரு முட்டை ரோலைக் கையில் திணித்தாள்.

அந்தப் பெண்கள் விடவில்லை. மறுபடி சேர்ந்து வாசியுங்கள் என்று ஒரு வருடம் கடிதம் மேல் கடிதம். 2014 செப்டம்பரில், ஆர்வில் வழக்கமாக வாசிக்கும் நடனக் கூடத்திலேயே, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எங்கள் நிகழ்ச்சி. இட்செலின் குழு முதலில் வாசித்தது; எங்களைவிட நன்றாகவே வாசித்தது. பிறகு நாங்கள். நாலாவது பாட்டில் ஒரு காரியம் நடந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆர்விலும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நாலைந்து பேரும், தாளம் தங்களுடையது என்று கண்டுகொண்டு, ஜோடி ஜோடியாக எழுந்து சுழல ஆரம்பித்தார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கையில் பச்சை குத்திய ஒரு தாடிக்காரனை ஆர்வில் பிடித்து இழுத்தார். "காலைப் பாக்காதடா, என்னைப் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு!" பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கச் சுழன்றது. அழுகையும் நிற்கவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை.

மறு வருடம் இரண்டாவது இசைத்தட்டை வெளியிட்டோம். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது, பழைய வலி இல்லை என்று இணையத்தில் திட்டினார்கள். வெண்டெல் அந்த விமர்சனங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுவான். நாங்கள் சாப்பாட்டு மேசையில் வயிறு வலிக்கச் சிரிப்போம். இட்செல் மட்டும் அதை நூறு தடவை கேட்டதாக எழுதியிருந்தாள். அடுத்த மார்ச்சில் எங்கள் மூவரையும் மோன்டெரேக்கு அழைத்திருக்கிறாள். அம்மா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள், தானும் வருவேன் என்று.